ஒற்றை அறை மிளகு ஸ்டோர்

கம்பனி மாத்தயா ஒரு டின் பச்சைப் பெயின்ட்டும் பிரஷுமாக எங்கள் ஸ்டோர் வாசலில் வந்து நின்ற காலைதான், மதினியை நினைக்கும்போது எனக்கு முதலில் வரும். கொழும்பிலிருந்து வெளிநாடுகளுக்கு மிளகும் கராம்பும் சாதிக்காயும் அனுப்பும் பெரிய கம்பனி ஒன்றின் அதிகாரி அவர். குருணாகல் பக்கத்துச் சிங்கள இளைஞர், நல்ல மனுசன். பெயர் இருந்தும், சிங்களத்தில் ஐயா என்பதுபோல, எல்லோருக்கும் அவர் கம்பனி மாத்தயாதான். அவர்களுடைய பசுமைத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு மிளகு ஸ்டோரின் தரையிலும் ஒரு பச்சைக் கோடு போடுவதுதான் அன்று அவருக்கு வேலை. கோட்டுக்கு ஒரு பக்கம் திட்டத்து மிளகு, மறு பக்கம் சாதாரண மிளகு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. உள்ளே வந்தவர் சுற்றிப் பார்த்தார். எங்களுடையது ஒரே ஓர் அறை, ஒற்றைக் காம்பரா. நடுவில் கோடு போட்டால் இரு பக்கமும் சாக்கு அடுக்கலாம், ஆள் நிற்க இடமிருக்காது. அவர் பிரஷைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள எதுக்கு மாத்தயா மெனக்கெடுறீங்க? வாசல்ல போடுங்க. காம்பரா முழுக்கப் பச்சைன்னு வச்சுக்குவோம்" என்றார். மாத்தயாவும் சிரித்துக்கொண்டே குனிந்து வாசற்படியை ஒட்டிக் கோட்டை இழுத்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எங்கள் தொழிலின் பாதி வெளியே போய்விட்டது என்பது அப்போது எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில், யாழ்ப்பாணம் போகும் பெருவீதியின் ஓரமாக, அண்ணன் தொடங்கிய ஸ்டோர் அது. பின்னால் வீடு, முன்னால் அந்த ஒற்றை அறை, பக்கத்தில் மிளகு உலர்த்தும் தகரக் கொட்டில். மலைச்சரிவில் தோட்டம் வைத்திருப்பவர்கள் பச்சை மிளகைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை உதிர்த்து, வெந்நீரில் போட்டெடுத்து, காயவைத்து, புடைத்து, சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். சண்டைக் காலத்தில் ஒருமுறை மிளகு லொறியோடு போன அண்ணனை வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் அம்மா பிள்ளைப்பேற்றுக்கு வவுனியாவிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்ததால், அண்ணனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் வவுனியா என்று இருந்தது. சண்டை நடந்த வடக்குப் பக்கத்து ஊர். அந்த ஒரு சொல்லுக்காகப் பல மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் எதற்கும் பதில் சொல்லாத மனிதராக வந்தார். அடுத்த வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் இல்லை. மதினியும், கல்யாணமாகாத நாத்தனாராகிய நானும் மட்டும் மிஞ்சினோம். ஸ்டோரைக் கொடுத்துவிட்டுத் தையல் மெஷின் ஒன்றை வாங்கிப் போடும்படி சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வழியில் மாமா ஒருவர் இதையே பெரிதாக எடுத்துச் சொன்னபோது, "மிளகு வாங்குறதுக்கு மீசை வேணுமா மாமா?" என்று கேட்டுவிட்டு மதினி நடையைக் கட்டினார். நான் பின்னால் போய்க்கொண்டே வாயைப் பொத்திச் சிரித்தேன். அவருக்குக் கோபம் வருவது குறைவு. யாராவது தன்னை மடக்கினால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். கோபப்படுகிற வேலையை எனக்கு விட்டிருந்தார். அதை நான் இன்றுவரை ஒழுங்காகச் செய்துவருகிறேன்.

எங்களுக்கு அடுத்த வளவு ஹாஜியாருடையது. அவருடைய குடும்பம் பல தலைமுறையாக மாத்தளையில் வியாபாரம் செய்கிறது. மிளகோடு கராம்பு, கொக்கோ, பாக்கு என்று எல்லாமும் வாங்குவார். வரிசையாகப் பல அறைகள், சீமெந்து முற்றம், சொந்த லொறி. மதினி அவரை அண்ணன் முறையில் நானா என்பார், அவர் மதினியைத் தங்கச்சி என்பார். அண்ணன் பிடிபட்ட பிறகு எங்கள் சாக்குகள் தனி லொறியில் போனதேயில்லை. ஹாஜியாரின் லொறியையும் சாரதியையும் சாவடிகளில் தெரியும், அதிகம் கிளறமாட்டார்கள். அதனால் எங்கள் மிளகு அவருடைய மிளகோடு ஒரே லொறியில் கொழும்புக்குப் போய்வந்தது. இதற்காக அவர் எங்களிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. நோன்புக் காலத்தில் மதினி கஞ்சிக்கு இஞ்சியும் எலுமிச்சம்பழமும் கொடுத்தனுப்புவார். கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த ஸ்டோர்க்காரருக்காவது லோட்டில் சில சாக்கு குறைந்தால், பக்கத்து ஸ்டோரிலிருந்து கேட்காமலே நிரப்பிக் கொடுப்பார்கள். அடுத்த போகத்தில் அது திரும்பிப் போகும், அல்லது அவர்களுக்குக் குறையும்போது போகும். அதைக் கடன் என்று யாரும் சொல்வதில்லை, குறித்தும் வைப்பதில்லை. அரை லோட்டோடு கொழும்புக்குப் போகிறவனை வாங்குகிறவர்கள் மதிக்கமாட்டார்கள், ஏதோ நொடித்துப்போனவன் என்று விலையை இறக்குவார்கள் என்பதால் வந்த பழக்கம். ஹாஜியாருக்கே ஒரு வருடம் குறைந்தபோது எங்களிடமிருந்து சாக்கு போனது. சின்ன ஸ்டோரிலிருந்து பெரிய ஸ்டோருக்குச் சாக்கு போன அந்த நாளில் மதினி கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார் என்று எனக்கு ஞாபகம்.

பிறகுதான் பசுமைத் திட்டம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் மிளகு வாங்குகிறவர்கள் அது எப்படி விளைந்தது, எப்படிக் காய்ந்தது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். கம்பனி தனியாக எதுவும் செய்ய முடியாது, தோட்டக்காரரும் ஸ்டோர்க்காரரும் கம்பனியும் கைகோத்தால்தான் முடியும் என்று மாத்தயா ஒரு கூட்டத்தில் சிங்களத்தில் சொன்னார். பாதிப்பேருக்காக நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். தோட்டங்களில் களைக்கொல்லி அடிக்கக்கூடாது. மிளகைத் தார்ரோட்டில் பரப்பக்கூடாது, படங்கு விரித்துத்தான் காயவைக்க வேண்டும். அடுப்புக்குக் காட்டு மரம் வெட்டக்கூடாது; மிளகுக்கொடி படரவிட்ட கிளிசிரிடியா மரத்தில் வருடா வருடம் கழிக்கும் கிளைகளையே காயவைத்து எரிக்க வேண்டும். மிளகு அவித்த தண்ணீரை வாய்க்காலில் விடக்கூடாது, குழி வெட்டி அதில் விட வேண்டும். ஒவ்வொரு ஸ்டோரும் தனக்கென்று குறித்த தோட்டங்களின் மிளகை மட்டுமே தன் பெயரில் அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் பதிலாகக் கூடுதல் விலையும், விழாத சந்தையும் கிடைக்கும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஹாஜியார் மட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மதினியைப் பிடித்தது விலையல்ல, அடுப்பு. மழைக்காலத்தில் வெயில் கிடைக்காது. கம்பித் தட்டில் மிளகைப் பரப்பி அடியில் நெருப்பு மூட்டித்தான் உலர்த்துவோம். தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் நாள் முழுக்க அந்தப் புகைக்குள் நின்று தட்டைக் கிளறுவார்கள். சாயந்தரம் வெளியே வரும்போது எல்லோர் கண்ணும் அழுத கண்ணாக இருக்கும். மூத்தவளான ஒருத்தி வீட்டுக்குப் போகும் வழியில் எதிரே வரும் பஸ் தெரியாமல் ரோட்டில் இறங்கியது ஒருநாள் நடந்தது. கம்பனி காட்டிய புதிய அடுப்பில் நெருப்பு ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம். புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும், சூடு மட்டும் தட்டுக்கு வரும். மதினி தாலிக்கொடியைத் தவிர இருந்த நகையையெல்லாம் விற்று அந்த அடுப்பைக் கட்டினார். முதல் நாள் நெருப்பு வைத்தபோது அந்தப் பெண்கள் கொட்டிலுக்குள் போய், எதையோ எதிர்பார்த்து நின்று, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "புகையே காணோமே அம்மா" என்றாள் மூத்தவள். மதினி வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆனால் அந்தத் திட்டம் எல்லோரையும் ஒரே அளவாக நடத்தியது. அதுதான் அதன் சிக்கல் என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. சோதிக்க வருகிறவர் பத்து சாக்குக்காரியிடமும் ஒரே காரில்தான் வருவார், நூறு சாக்குக்காரரிடமும் அதே காரில்தான் வருவார்; கட்டணமும் ஒன்றுதான். அடுப்பும் படங்கும் குழியும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஹாஜியார் கடைசியில் சேர்ந்தபோது தன் அறைகளில் ஒன்றைப் பச்சைக்கு ஒதுக்கிக் கதவைப் பூட்டினார்; மற்ற அறைகளில் பழைய வியாபாரம் பழையபடியே நடந்தது. பச்சை வென்றால் அவருக்கு லாபம், தோற்றால் ஓர் அறை நட்டம். எங்களுக்கு ஒதுக்க இன்னோர் அறை இல்லை. திட்டத்தில் இல்லாத தோட்டக்காரர்கள் வழக்கம்போல மிளகைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மதினி அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. வருடக்கணக்காக எங்களுக்கே கொடுத்தவர்கள். "இனி உங்களுக்கு எங்க மிளகு ஊத்தையாப் போச்சா?" என்று பலாபத்வலை ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் கேட்டார். அவர்கள் டவுன் கடைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். மதினி முழுவதையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டார். நான் பயந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். "அரைப் பச்சை எப்படி இருக்கும், நீயே சொல்லு" என்று சிரித்தார்.

முதல் போகம் நன்றாகவே போனது. எங்கள் பெயர் போட்ட சாக்குகள் கப்பலேறின. மாத்தயா மற்ற ஊர் ஸ்டோர்க்காரர்களைக் கூட்டிவந்து எங்கள் அடுப்பைக் காட்டினார். மதினி அவர்களுக்கு நெருப்பை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று செய்து காட்டினார். அந்த வருடம் நாங்கள் சிரித்த அளவு அண்ணன் போன பிறகு எந்த வருடமும் சிரித்ததில்லை.

இரண்டாம் போகம் மழை ஏமாற்றியது. பூக்க வேண்டிய நேரத்தில் வரவில்லை. பறிக்க வேண்டிய நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்களுக்குக் குறித்த தோட்டங்களில் பாதிக் கொடி காய்க்கவில்லை. இன்ன அளவுக்குக் குறைந்தால் ஒரு ஸ்டோரின் மிளகைத் தனியாக ஏற்ற முடியாது, அடுத்த கப்பல்வரை கிடக்கட்டும் என்பது கம்பனியின் ஒழுங்கு. ஹாஜியாருக்கும் விளைச்சல் குறைவுதான், ஆனால் அவர் தோட்டங்கள் பல மலைகளில் இருந்தன. ஒன்று போனால் ஒன்று நின்றது. எங்களுக்குச் சில சாக்கு குறைகிறது என்பது மதிலுக்கு அந்தப் பக்கம் எப்படியோ தெரிந்திருக்கிறது. லொறி போக வேண்டிய காலையில் அவருடைய ஆட்கள் கைவண்டியில் சாக்குகளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். பின்னால் குடையோடு ஹாஜியாரே வந்தார். "நம்ம பச்சக் காம்பராவுல வச்சீந்ததுதான் தங்கச்சி. சுத்தமான சாமான். ஒங்கட பேர்ல போகட்டும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மிளகும் எங்கள் மிளகைப் போலவே திட்டத்து மிளகு, அதே மாத்தயா பார்த்து ஒப்புக்கொண்ட மிளகு. மதினி சாக்குகளைப் பிரித்து எங்கள் மிளகோடு சேர்த்து, எங்கள் பெயர் போட்ட சாக்குகளில் கட்டினார். தன் தோட்டத்து மிளகுதான் தன் பெயரில் போக வேண்டும் என்ற விதி அவருக்குத் தெரியாததல்ல. நானா வீட்டு மிளகு வேறு மிளகு என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து மாத்தயா வந்தார். இஞ்சி தட்டிப்போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே, இந்த மழையிலும் எப்படி அக்கா அளவைத் தொட்டீர்கள் என்று மெச்சிக் கேட்டார். மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னைப் பற்றிய பெருமையல்ல. "நானா குடுத்தாரு. நாங்க வாய் தொறந்து கேக்கவேயில்ல, அவரா குடுத்தாரு" என்றார்.

மாத்தயா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அவர் மெதுவாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல், சிங்களத்தில் விளக்கினார். அந்த மிளகில் நாளைக்கு ஏதாவது குறை கண்டால் அது எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கம்பனி காட்ட வேண்டும். எங்கள் பெயர் போட்ட சாக்கில் ஹாஜியாரின் தோட்டம் இருந்தால் முழுச் சங்கிலியும் பொய்யாகிவிடும். கேட்டுவிட்டதால் அவர் மேலே சொல்லியே ஆக வேண்டும். மதினி, "ஆனா மிளகு நல்லதுதானே?" என்று கேட்டார். நல்லதுதான் என்றார் மாத்தயா. மிச்சத் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அவர் மறுபடி வந்தது அடுத்த வாரம். இந்த முறை ஒரு வழியோடு வந்தார். எங்கள்மேல் அவருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். கம்பனி இரண்டு ஸ்டோர்களையும் நீக்கச் சொல்கிறது. ஆனால், லொறி ஹாஜியாருடையது. வழியில் அவர்கள்தான் எங்களுக்குத் தெரியாமல் சாக்கை மாற்றிக் கலந்துவிட்டார்கள் என்று மதினி ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் பெயரைக் காப்பாற்றிவிடலாம். "ஹாஜியார் பெரிய ஆள் அக்கா. ஒரு போகம் வெளியில இருந்தா அவர் தாங்குவார். நீங்க தாங்கமாட்டீங்க" என்று, இதை மட்டும் தமிழில் சொன்னார். கணக்கு என்று பார்த்தால் அவர் சொன்னது சரி. சொல்லிவிடுங்கள் மதினி என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஸ்டோர் போனால் நாங்கள் இருவரும் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? கொட்டிலில் அந்தப் பெண்கள் கிளறும் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மதினி, "தாங்குவாருங்கறதுக்காக அவர் மேல போடலாமா மாத்தயா?" என்று கேட்டார். "அவரு குடுத்தாரு, நான் வாங்குனேன். கலந்ததும் நான்தான். அப்படியே எழுதுங்க." அந்தக் காலத்தில் ஒரு தமிழச்சி ஒரு முஸ்லிம் வியாபாரியைக் கலப்படக்காரன் என்று சொல்லியிருந்தால் அது இரண்டு ஸ்டோர்களோடு நின்றிருக்காது, தெருவைப் பிரித்திருக்கும். அதை மதினி யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பிறகு கேட்டபோது, "அவ்வளவெல்லாம் எனக்கு ஓடல. நானா குடை பிடிச்சிட்டு வந்ததுதான் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

நடந்ததை ஆற அமர யோசித்தால், தவறு ஒன்றுதான், பட்ட அடி வேறு வேறு. ஹாஜியாருக்கு ஒரு போகம் தடை. அவர் பச்சை அறையின் பூட்டைத் திறந்து, அந்த மிளகையும் மற்ற மிளகோடு சேர்த்துக் கொழும்புச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். கம்பனிக்கு எதுவுமில்லை, பார்க்கப்போனால் நன்மைதான். விதியை மீறிய ஸ்டோர்களைத் தயங்காமல் நீக்கினார்கள் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை கூடி, முன்பைவிடப் பெரிய கொள்வனவு கிடைத்ததாம். இதை மாத்தயாவே பின்னொரு நாள் வெட்கத்தோடு சொன்னார். எங்களுக்கும் தடை ஒரு போகம்தான், ஆனால் மதினிக்கு எல்லாமே போனது. எங்களுக்குக் குறித்த தோட்டங்களைக் கம்பனி வேறு ஸ்டோர்களுக்கு மாற்றிவிட்டதால் மறுபடி சேரத் திட்டத்து மிளகும் இல்லை, திருப்பி அனுப்பிய பழைய தோட்டக்காரர்களும் இல்லை. அவர்கள் வீடு வீடாகப் போய் மதினி கேட்டார். டவுன் கடைக்காரர்கள் முன்பணம் கொடுத்து அவர்களைப் பிடித்துவைத்திருந்தார்கள். பலாபத்வலைக்காரர் மட்டும் ஒரு சாக்கு கொடுத்தார், பாவம் பார்த்து.

தடை முடிகிற நேரத்தில் ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கம்பனி அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனால் ஒரு நிபந்தனை. திட்டத்தில் இல்லாத ஸ்டோரின் சாக்கு எதுவும் இனி அவர் வளவுக்குள்ளும் வரக்கூடாது, அவர் லொறியிலும் ஏறக்கூடாது. திட்டத்தில் இல்லாத ஸ்டோர் என்று தெருவில் இருந்தது எங்களுடையது மட்டுந்தான். அதாவது, மதினியிடம் மிச்சமிருந்த கொஞ்ச மிளகு சாவடிகளைத் தாண்டிப் போக இருந்த ஒரே வழியையும் அவர் அடைக்க வேண்டும். "நான் ஏலாண்டு சொல்லப் போறன் தங்கச்சி. எனக்கு இது இல்லாட்டியும் யாவாரம் ஈக்கி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு மற்ற வியாபாரத்தில் வாழக்கூடிய இடத்தில் அவர் இருந்தார் என்று நான் கசப்பாக நினைத்தேன்.

மதினி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். "உங்க தோட்டக்காரங்க எத்தன பேரு நானா? அவங்க இந்த ஒரு வருசமா மருந்தடிக்காம கையால புல்லுப் புடுங்கியிருக்காங்க. நீங்க மாட்டேன்னா அவங்க நாளைக்கே மருந்து டின்ன எடுப்பாங்க. போய் ஒப்பம் வைங்க." ஹாஜியார் தண்ணீரைக் குடித்து முடித்தார். "உங்க கொட்டில்ல இன்னமும் பழைய அடுப்புதானே?" என்று மதினி கேட்டார். ஆமாம் என்றார். சேரும்போது புதியதைக் கட்டத் தவணை வாங்கியிருந்தவர், தடை வந்ததும் கட்டாமல் விட்டிருந்தார். "கட்டுங்க. கட்டி முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க. சாக்குதானே வரக்கூடாது, நான் வரலாமில்ல?"

சொன்னபடியே போனார். எங்களிடம் வேலை செய்த பெண்களை ஹாஜியார் எடுத்துக்கொண்டார். அடுத்த மார்கழியில் அவர்கள் அவருடைய கொட்டிலில் நின்றார்கள். மதினி வெறுங்கையோடு மதிலைச் சுற்றிப் போய் அவர்களுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்தார். புதிய அடுப்பு புகையைத் திருப்பித் துப்பியது. குழாயின் வளைவை மாற்றச் சொல்லி, கொத்தனாரோடு மல்லுக்கட்டி, சரிவரும்வரை தினமும் போய்வந்தார். அந்தக் குடும்பத்தின் சமையலறையில் அவருக்குச் சாப்பாடு காத்திருக்கும், சாப்பிடாமல் வந்துவிடுவார். இந்தக் காலத்தில்தான் எங்கள் ஸ்டோர்க் கதவு முழுதாகச் சாத்தப்பட்டது. நான் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை தேடிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அவர் உடம்பெல்லாம் சாம்பலோடு ஹாஜியார் வீட்டிலிருந்து திரும்பி வருவதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உங்கள வெளிய தள்ளுன கம்பனிக்கு நீங்களே போய் அடுப்பு மூட்டுறீங்க. வெக்கமா இல்லயா மதினி?" என்று கேட்டேன். கடுமையாகத்தான் கேட்டேன். அவர் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டே, "கம்பனிக்கு யாரு மூட்டுனா? அந்த மூத்தவளுக்கு இப்பப் பஸ்ஸு நம்பர் தெரியுதாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

அந்தக் கம்பனி இன்று இன்னும் பெரிதாகிவிட்டது. ஹாஜியார் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கட்டிய மாடிக் கட்டடத்தில் மிளகு மட்டுமல்ல, எண்ணெயும் வடிக்கிறார்கள். சண்டை முடிகிற வருடத்தில் மதினியும் போய்ச் சேர்ந்தார். அவர் பெயரில் ஒரு சாக்கும் அதற்குப் பிறகு கப்பலேறவில்லை. இப்போதும் எங்கேயாவது சின்னவர்களும் பெரியவர்களும் கைகோத்தால் எல்லோருக்கும் நன்மை என்று யாராவது பேசினால், எந்த நன்மை, யாருக்கு எவ்வளவு என்று நான் எழுந்து கேட்டுவிடுகிறேன். விலையைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து அதற்குப் பதில் சொல்வார்கள். மதினியாக இருந்தால் அந்தப் பதிலைச் சிரித்துக் கேட்டுவிட்டு, அடுப்பு எங்கே என்று பார்க்கப் போயிருப்பார். எனக்கு அப்படிப் போக வரவில்லை. அவரை வெளியே விட்டவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அவருக்கு அது கடைசிவரை வரவேயில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து நானே வைத்திருக்கிறேன்.